பழைய ஹோர்ன் பெட்டிக்கு எந்த ட்ரைவர்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலை, உப்புவெளி, கிண்ணியா, மூதூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். பழைய திரையரங்கிலிருந்தோ கோயில் களஞ்சிய அறையிலிருந்தோ ஒரு பெரிய மரப்பெட்டி கிடைத்திருக்கும். உள்ளே ஸ்பீக்கர் (ட்ரைவர் என்பது இதைத்தான்) இருக்காது, அல்லது கிழிந்திருக்கும். கேட்பவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறோம். முன்னர் சொன்னதைத் திரும்ப எழுதாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருப்பதால், முதல் தடவை வரிசையாக வாசிப்பது நல்லது.

1. ஹோர்ன் பெட்டி எண்டா என்ன? சும்மா பேஸ் பெட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணப் பெட்டியில் கோன், அதாவது ஸ்பீக்கரின் அசையும் கூம்பு, நேரே அறைக் காற்றைத் தள்ளுகிறது. பெரிய காற்றுவெளிக்கு முன்னால் அந்தத் தள்ளலில் பெரும்பகுதி வீணாகிறது. ஹோர்ன் பெட்டியில் கோனுக்கு முன்னால் ஒடுங்கிய தொண்டை இருக்கும். அது படிப்படியாக விரிந்து அகன்ற வாயாக முடியும். தொண்டையிலுள்ள காற்று கோனுக்குப் பாரமாக நிற்பதால், கோன் குறைவாக அசைந்து கூடுதலான சத்தத்தைத் தருகிறது.

எங்கள் பக்கம் கண்ணில் படுபவை மூன்று வகை. முன்பக்கம் குட்டை ஹோர்னும் கீழே காற்றுத் துவாரமும் உள்ளது ஒன்று. அல்டெக் 825, ஜே.பி.எல். 4560 இந்த வகை. ஹோர்னை மடித்து உள்ளே வைத்து, ட்ரைவரின் பின்பக்கத்தை மூடிய அறையில் அடைத்தது இரண்டாவது. டபிள்யூ பெட்டிகளும் கிளிப்ஷ் பெட்டிகளும் இதில் சேரும். கோனின் முன்பக்கம் வெளியே தெரிய, பின்பக்கம் மட்டும் ஹோர்னுக்குள் போவது மூன்றாவது, ஜே.பி.எல். 4530 போன்ற ஸ்கூப். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாமல் ட்ரைவர் வாங்க வேண்டாம்.

2. 15 அங்குலத் துளை இருக்கு. அப்ப எந்த 15 அங்குல ஸ்பீக்கரும் போடலாம்தானே?

துளையில் உட்காரும், வேலை செய்யாது. இன்றைய மலிவான 15 அங்குல ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் சின்ன காந்தமும் பாரமான கோனும் கொண்டவை. சாதாரணப் பெட்டியில் அவை தாளலாம். ஹோர்னுக்கு நேர்மாறானது வேண்டும்: வலுத்த காந்தம், இலேசான கடினக் கடதாசிக் கோன், இறுக்கமான விளிம்பு. பழைய அல்டெக் 803, 416, 515 வரிசைகளும் ஜே.பி.எல். டி130, 2220 போன்றவையும் அப்படிச் செய்யப்பட்டவைதான்.

3. அப்ப எந்த எண்ணைப் பார்த்து வாங்கிறது?

தரவுத் தாளில் முதலில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று எஃப்.எஸ்., அதாவது ட்ரைவரின் தனி அதிர்வெண். மற்றது கியூ.ஈ.எஸ்., காந்தம் கோனை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்பதற்கான எண். சிறியதென்றால் பிடி வலியது. எஃப்.எஸ். ஐ இரண்டால் பெருக்கி கியூ.ஈ.எஸ். ஆல் வகுங்கள். அந்த அதிர்வெண்ணுக்கு மேலே, கோனின் பாரம் காரணமாக ஹோர்னின் சத்தம் இறங்கத் தொடங்கும். இது கீல் என்ற பொறியியலாளர் 1977 இல் வெளியிட்ட கணக்கு. இன்றும் இதுவே முதல் சல்லடை.

ஜே.பி.எல். 2226 இன் எஃப்.எஸ். 40 ஹேர்ட்ஸ், கியூ.ஈ.எஸ். 0.33. கணக்கின் விடை ஏறக்குறைய 240 ஹேர்ட்ஸ். 2220 க்கு எஃப்.எஸ். 37, கியூ. 0.17, விடை 435. எஃப்.எஸ். 45, கியூ.ஈ.எஸ். 0.7 உள்ள ஒரு மலிவு ஸ்பீக்கருக்கு 128 தான் வரும். மேல் ஹோர்ன் (உயர்ந்த சுரங்களுக்கான சின்ன ஹோர்ன்) 500 ஹேர்ட்ஸில் தொடங்கும் அல்டெக் மாதிரிப் பெட்டியில் அந்தக் கடைசி ஸ்பீக்கரைப் போட்டால் 130 க்கும் 500 க்கும் இடையில் பள்ளம் விழும். ஆண் குரலின் உடல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. "பேஸ் இருக்கு, ஆனா பாட்டுக்காரர் கிணத்துக்குள்ள நிண்டு பாடுறார்" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் இது.

வேகமாகக் கழிப்பதற்கு இன்னொரு வழி: எஃப்.எஸ். ஐ கியூ.ஈ.எஸ். ஆல் வகுத்தால் 100 க்கு மேலே வரவேண்டும். 50 க்குக் கீழே என்றால் ஹோர்ன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

4. இதில 2000 வாட் எண்டு ஒட்டியிருக்கு. காணாதோ?

வாட் என்பது கொயில் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) எரியாமல் தாங்கும் சூட்டின் அளவு. சத்தத்தின் அளவு அல்ல. அதுவும் ஒட்டியிருக்கும் எண் உச்ச வாட்டாக இருக்கும். தொடர்ந்து தாங்குவது அதில் கால்வாசிகூட இராது. ஒரு வாட்டுக்கு, ஒரு மீற்றர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 91 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று 101 டெசிபல் ஸ்பீக்கரின் சத்தத்தைத் தர பத்து மடங்கு மின்வலு வேண்டும். ஹோர்ன் பெட்டியில் 97 க்குக் குறைந்ததைப் போடுவது பெட்டியை வீணாக்கும் வேலை.

5. என்னட்ட இருக்கிற ஸ்பீக்கருக்கு ஒரு பேப்பரும் இல்லை. எண்ணை எப்பிடி எடுக்கிறது?

அளந்துதான். தேவையானவை: ஒரு அம்பிளிபயர், ஒலி எழுப்பும் செயலி உள்ள தொலைபேசி, மல்டிமீற்றர், 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. முதலில் ஸ்பீக்கரை இணைக்காமல் அதன் நேர்மின் தடையை மீற்றரில் எடுத்து எழுதிவையுங்கள். பிறகு அம்பிளிபயரின் வெளியீட்டோடு 1000 ஓமைத் தொடராக இணைத்து, மறுமுனையில் ஸ்பீக்கருக்குப் பதிலாக 10 ஓமைப் போடுங்கள். அதன் குறுக்கே 100 மில்லிவோல்ட் வரும்வரை சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தில் கைப்பிடியை விட்டுவிடுங்கள். இனி ஒவ்வொரு 10 மில்லிவோல்ட்டும் ஒரு ஓம். தடை பெரிதாக வரும்போது சற்றுக் குறைத்துக் காட்டும். ட்ரைவரைக் கழிக்கவும் தேரவும் இந்தப் பிழை இடைஞ்சலில்லை.

10 ஓமைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரை இணையுங்கள். அது நிமிர்ந்து, சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். அதிர்வெண்ணை மெதுவாக மாற்றி, அளவு உச்சத்துக்குப் போகும் இடத்தைப் பிடியுங்கள். அது எஃப்.எஸ். உதாரணமாக நேர்மின் தடை 6 ஓம், உச்சம் 40 ஹேர்ட்ஸில் 96 ஓம் என்று வைப்போம். 96 ஐ 6 ஆல் வகுத்தால் 16. அதன் வர்க்கமூலம் 4. 6 ஐ 4 ஆல் பெருக்கினால் 24 ஓம். உச்சத்தின் இரு பக்கமும் 24 ஓம் காட்டும் அதிர்வெண்களைக் குறியுங்கள்: 25, 64 என்று வந்தால் வித்தியாசம் 39. 40 ஐ 4 ஆல் பெருக்கி 39 ஆல் வகுக்க 4.1, அதை 15 ஆல், அதாவது 16 இல் ஒன்று குறைத்து, வகுக்க 0.27. இதுதான் கியூ.ஈ.எஸ். 3ஆம் கேள்வியின் கணக்கில் போட்டால் ஏறக்குறைய 295 ஹேர்ட்ஸ். நல்ல ட்ரைவர்.

அதே 6 ஓம் ஸ்பீக்கர் 54 ஓமில் உச்சம் காட்டி, பக்கப் புள்ளிகள் (இங்கு 18 ஓம்) 32 இலும் 50 இலும் வந்தால் கியூ.ஈ.எஸ். 0.83. அதை வீட்டு டிவிக்குப் போடுங்கள்.

6. மடிச்ச ஹோர்ன் பெட்டி. பின்னால அறை மூடியிருக்கு. அதுக்குத் தனியா ஏதும் பாக்கணுமோ?

இரண்டு அளவு. முதலாவது தொண்டை. தொண்டைத் துளையின் நீள அகலத்தைப் பெருக்கி, கோனின் பரப்பை அதனால் வகுங்கள். 15 அங்குலக் கோனின் பரப்பு ஏறக்குறைய 880 சதுர சென்ரிமீற்றர். துளை 35 க்கு 12 என்றால் 420, விகிதம் 2.1. இரண்டுக்கு ஒன்று வரை நல்ல கடதாசிக் கோன் தாங்கும். மூன்றைத் தாண்டினால் மெல்லிய கோன் நடுவில் மடிந்து, வட்டமாகக் கோடு விழும்.

இரண்டாவது பின்னறை. தரவுத் தாளிலுள்ள வி.ஏ.எஸ். என்ற எண்ணை (கோனின் பிடிமானத்துக்குச் சமமாக நெகிழும் காற்றின் அளவு, லீற்றரில்) அறையின் லீற்றரால் வகுத்து, ஒன்று கூட்டி, வர்க்கமூலம் எடுத்து எஃப்.எஸ். ஆல் பெருக்குங்கள். 2226 க்கு வி.ஏ.எஸ். 175 லீற்றர், அறை 60 லீற்றர் என்றால் விடை ஏறக்குறைய 79 ஹேர்ட்ஸ். இந்த எண் ஹோர்ன் வேலை தொடங்கும் அதிர்வெண்ணுக்கு அருகில் இருப்பது நல்லது. மிக மேலே போனால் பேஸ் மெலியும். அறையின் கொள்ளளவில் ட்ரைவர் பிடிக்கும் 5 லீற்றரளவைக் கழிக்க மறக்க வேண்டாம். பின் மூடியில் காற்றுக் கசிந்தால் கணக்கே பிழைக்கும். ஓரம் முழுக்கப் பஞ்சு நாடா ஒட்டுங்கள்.

கணினி வைத்திருப்பவர்கள் டேவிட் மக்பீன் எழுதிய ஹோர்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளில் இதே எண்களைக் கொடுத்து வளைவைப் பார்க்கலாம். மரம் வெட்டும் முன் பார்ப்பது இன்னும் நல்லது.

7. ஸ்கூப் பெட்டிக்கும் இதே கணக்கோ?

இல்லை. ஸ்கூப்பில் நடு அலைகள் கோனின் முன்பக்கத்திலிருந்து நேரே வருவதால் 3ஆம் கேள்வியின் மேல்வரம்பு அவ்வளவு கடினமல்ல. கியூ.ஈ.எஸ். 0.4 வரை சமாளிக்கலாம். ஆபத்து கீழ்ப்பக்கத்தில். ஹோர்னின் எல்லைக்குக் கீழே கோனைப் பிடிக்க எதுவும் இல்லாததால், ஒரு பலத்த தவில் அடியில் கொயில் வெளியே பாயும். 40 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியைக் க்ரொஸ்ஓவரில் (பேஸையும் மேல் சத்தத்தையும் பிரித்து அனுப்பும் சுற்று) கட்டாயம் போடுங்கள்.

8. பழைய ஒரிஜினல் ட்ரைவர்தான் நல்லதெண்டு சொல்லுறாங்களே. புதுசு போட்டா சத்தம் கெடுமோ?

பெட்டி எந்த ட்ரைவருக்காகச் செய்யப்பட்டதோ அது நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. "நல்ல நிலை" என்பதுதான் இங்கே தட்டுப்பாடு. பழைய ட்ரைவர்களிலுள்ள அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் விழுந்தாலோ பலத்த மின்னோட்டம் பாய்ந்தாலோ வலு இழக்கும். வலு இழந்தால் கியூ.ஈ.எஸ். உயரும். அப்படிப்பட்ட பழையதைவிட எண்கள் பொருந்தும் புதியது மேல். எமினென்ஸ், பீ அன்ட் சீ, எய்ட்டீன் சவுண்ட், பேமா, ஃபைட்டல் எல்லோரும் முழு எண்களையும் வெளியிடுகிறார்கள். பெயரை விட்டு எண்ணைப் பொருத்துங்கள்.

9. ரீகோன் செய்து தாறன் எண்டு ஒராள் சொல்றார். செய்யலாமோ?

ரீகோன் என்பது பழைய காந்தத்தில் புதுக் கோனும் கொயிலும் ஒட்டுவது. எந்தக் கோன் என்று கேளுங்கள். பாரம் இரட்டிப்பான கோனை ஒட்டினால் எஃப்.எஸ். குறையும், கியூ.ஈ.எஸ். கூடும், 3ஆம் கேள்வியில் வந்த மேல்வரம்பு சரி பாதியாகும். சத்தம் 6 டெசிபல் விழும். காந்தம் அசலாகவே இருந்தும் ட்ரைவர் வேறொன்றாகிவிடும். பழைய கோனையும் கொயிலையும் எறியாமல் தராசில் போட்டு நிறுத்து, புதியது பத்து வீதத்துக்குள் இருக்கிறதா பாருங்கள். ரீகோன் செய்பவர் காந்தத்தைக் கழற்றப் பார்த்தால் நிறுத்துங்கள். அல்னிகோவைப் பிரித்தால் மறுபடி காந்தமேற்றாமல் பழைய வலு வராது.

10. கடல் பக்கத்து வீடு. ஸ்பீக்கர் ரெண்டு வருசத்தில பாழாகுது. என்ன வாங்கிறது?

விளிம்பு ஃபோமில் இருப்பதை வாங்க வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது பொடியாகும். பாவிக்காமல் வைத்திருந்தாலும் போகும். பூச்சுப் பூசிய துணியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் விளிம்புதான் ஹோர்னுக்கும் ஏற்றது, எங்கள் காற்றுக்கும் ஏற்றது. நியோடிமியம் காந்தம் இலேசானது, ஆனால் மேற்பூச்சு கீறுப்பட்டால் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். நிலாவெளி மாதிரிக் கரையோரத்துக்கு வழமையான கறுப்பு ஃபெரைட் காந்தமே பாதுகாப்பு.

கொயில் ஓடும் இடைவெளியின் சுவர் இரும்பு. அங்கே துரு பிடித்து வீங்கினால் கொயில் உரசும். வாடைக்காற்று மாதங்களில் பெட்டி சும்மா கிடந்தால்தான் இது வரும். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் பாட்டுப் போடுங்கள். கொயிலின் சூடு ஈரத்தை விரட்டும்.

11. பழைய ட்ரைவர் 16 ஓம். இப்ப 8 ஓம்தான் கிடைக்குது. மாத்திப் போடலாமோ?

அம்பிளிபயர் தாங்கும், பழைய க்ரொஸ்ஓவர் தாங்காது. 16 ஓமுக்கு 500 ஹேர்ட்ஸில் பிரித்த க்ரொஸ்ஓவரோடு இரண்டு பக்கமும் 8 ஓமை இணைத்தால் பேஸ் 250 இலேயே இறங்கும், மேல் ஹோர்ன் 1000 இல்தான் தொடங்கும். நடுவில் ஓட்டை. கம்பிச் சுருளின் அளவைப் பாதியாக்கி, கப்பாசிட்டரின் அளவை இரட்டிப்பாக்கினால் மறுபடி 500 க்கு வரும். அல்லது க்ரொஸ்ஓவரைக் கழற்றிவிட்டு, இரண்டு அம்பிளிபயரும் ஒரு மின்னணுக் க்ரொஸ்ஓவரும் வையுங்கள். எங்கள் வாக்கு இரண்டாவதற்கே.

12. ரெண்டு பெட்டி. ஒண்டில பழைய ஜே.பி.எல்., மற்றதில புதுசு. சேத்துப் போட்டா பேஸே இல்லை!

இரண்டும் எதிரெதிராக அசைகின்றன. பழைய ஜே.பி.எல். தொழில்முறை ட்ரைவர்களில் கறுப்பு முனைக்கு நேர் மின் கொடுத்தால்தான் கோன் வெளியே வரும். மற்ற நிறுவனங்களில் சிவப்பு முனை. 1.5 வோல்ட் பற்றரியை ஒரு நொடி தொட்டு, கோன் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்து, வெளியே தள்ளும் முனையில் புள்ளி இடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், புள்ளியை நம்புங்கள். மேல் ஹோர்னில் பூட்டும் கொம்ப்ரஷன் ட்ரைவரை இப்படிப் பார்க்க முடியாது. அதன் வயரை மாற்றி மாற்றி இணைத்து, பிரியும் அதிர்வெண்ணில் எது கூடச் சத்தம் தருகிறதோ அதை வையுங்கள்.

13. எண் எல்லாம் சரி. ஆனா பெட்டிக்குள்ள போகுதில்லை.

வாங்கும் முன் மூன்று அளவு: துளை (15 அங்குலத்துக்கு வழமையாக 353 மில்லிமீற்றர் அளவில்), ஆணி வட்டம் (371 அளவில்), காந்தத்தின் விட்டமும் ஆழமும். ஃபெரைட் காந்தம் பழைய அல்னிகோவைவிட அகலமானது. பின் வாசலால் நுழையாமல் நிற்பது அதுதான். ட்ரைவரைப் பின்னாலிருந்து பொருத்தும் பெட்டியில், கோன் முன்னே வரும்போது தொண்டைப் பலகையில் முட்டாமல் குறைந்தது 10 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். போதாவிட்டால் ஒட்டுப்பலகை வளையம் ஒன்று வைக்கலாம். ஆணிக்கு மர ஸ்க்ரூ வேண்டாம். பல்லுள்ள நட்டைப் பலகைக்குள் அடித்து, எதிரெதிராக இறுக்குங்கள்.

14. மேல் ஹோர்னுக்கு கோயில் குழாய் ஸ்பீக்கரிண்ட யூனிட்டைப் பூட்டினா என்ன? மரை பொருந்துதே!

மரை பொருந்தும். ஒரு அங்குல ட்ரைவர்கள் பலவற்றிலும் குழாய் யூனிட்டுகளிலும் மரை ஒன்றுதான்: 1 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 18 சுற்று. ஆனால் குழாய் யூனிட் அறிவித்தலுக்கும் தேவாரத்துக்கும் செய்யப்பட்டது. 5000, 6000 ஹேர்ட்ஸுக்கு மேலே அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தாளத்தின் கணகணப்பு காணாமல் போகும்.

சரியான ட்ரைவரை மேல் ஹோர்னின் எல்லையைக் கொண்டு தெரியுங்கள். அல்டெக் 511 ஹோர்ன் 500 ஹேர்ட்ஸுக்கு, 811 ஹோர்ன் 800 க்கு. ட்ரைவரும் அந்த இடம் வரை இறங்க அனுமதிக்கப்பட்டதா என்று தரவுத் தாளில் பாருங்கள். இன்றைய சின்ன ஒரு அங்குல ட்ரைவர்கள் பல 1500 க்குக் கீழே இறங்கினால் டயப்பிரம் (உள்ளே அதிரும் மெல்லிய தகடு) உடையும். வாயளவும் பொருந்த வேண்டும்: ஒரு அங்குலம், 1.4, இரண்டு அங்குலம் மூன்றும் வேறு வேறு. இரண்டு அங்குல ட்ரைவரை ஒடுக்கி ஒரு அங்குல ஹோர்னில் வைப்பது வீண்.

15. மேல் ட்ரைவரை எரியாமல் காக்கிறது எப்பிடி? அதோட அது காதைக் கிழிக்குது.

காப்புக்கு ஒரு கப்பாசிட்டரைத் தொடராகப் போடுங்கள். மின்னணுக் க்ரொஸ்ஓவர் 800 ஹேர்ட்ஸில் பிரித்தால், 8 ஓம் ட்ரைவருக்கு 47 மைக்ரோஃபரட். அது 420 ஹேர்ட்ஸ் அளவில் வெட்டும். அம்பிளிபயரைப் போடும்போது வரும் "டம்" சத்தமும் பழுதில் வரும் நேர்மின்னும் டயப்பிரத்தைத் தொடாது. முனைக்குறி உள்ள சாதாரண எலெக்ட்ரோலிடிக் கூடாது. ஃபிலிம் வகை அல்லது இருமுனை வகை.

கொம்ப்ரஷன் ட்ரைவர் பேஸைவிட 8 டெசிபல் அளவு கூடச் சத்தம் போடுவது இயல்பு. பழைய க்ரொஸ்ஓவரோடு ஒரே அம்பிளிபயரில் ஓட்டுபவர்கள், 8 ஓம் ட்ரைவருக்கு 4.7 ஓமைத் தொடராகவும், ட்ரைவரின் குறுக்கே 5.1 ஓமையும் போட்டால் ஏறக்குறைய அந்த 8 குறையும். வீட்டுக்கு 10 வாட் ரெசிஸ்டர் போதும். இரண்டு அம்பிளிபயர் உள்ளவர்கள் கைப்பிடியைத் திருப்பினால் சரி.

16. டயப்பிரம் போச்சு. புதுசு நானே மாத்தலாமோ?

மாற்றலாம், இரும்பு ஆயுதம் இல்லாமல். காந்தம் ஸ்க்ரூ ட்ரைவரைப் பிடுங்கி இழுத்து புது டயப்பிரத்தில் குத்தவைக்கும். மூடியைக் கழற்றி, கடினப் பிளாஸ்டிக் கீற்றில் இருபக்கமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, இடைவெளியை வட்டமாக ஓட்டித் துருத்தூளை எடுங்கள். நாடா சுத்தமாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். புது டயப்பிரத்தை வைத்து ஆணிகளைத் தளர்வாகப் போட்டு, மெல்லிய சத்தத்தில் 500 இலிருந்து 2000 ஹேர்ட்ஸ் வரை ஓட்டிக் கேளுங்கள். கரகரத்தால் சற்று நகர்த்தி, சத்தம் தெளிந்ததும் எதிரெதிராக இறுக்குங்கள்.

17. எல்லாம் சரியாப் போட்டும் வெளியில வைச்சா பேஸ் இல்லை. கடையில நல்லாக் கேட்டுதே?

கடையில் சுவரும் மூலையும் ஹோர்னின் வாயைப் பெரிதாக்கிக் கொடுத்தன. 60 ஹேர்ட்ஸின் அலைநீளம் 5.7 மீற்றர். அதை முழுதாக வெளியேற்ற, தரையில் வைத்த ஹோர்னுக்குக்கூட 1.3 சதுர மீற்றர் வாய் வேண்டும். ஒரு பெட்டியின் வாய் 0.4 இருந்தால் அதிகம். ஆகவே கோயில் வீதியில் பக்கத்துக்கு இரண்டாகப் பிரித்து வைக்காமல், நான்கையும் ஒரே இடத்தில் ஒட்டி அடுக்குங்கள். நான்கு வாயும் ஒரு வாயாக வேலை செய்யும். இதற்கு ட்ரைவர் மாற்றத் தேவையில்லை.

18. கொழும்புக்குப் போறன். முதலாம் குறுக்குத் தெருவில வாங்கலாமோ? எதைப் பாக்கிறது?

வாங்கலாம், பெயர் பெற்ற நிறுவனங்களின் பெயர் ஒட்டிய போலிகளும் உண்டு. மீற்றர் கொண்டுபோங்கள். 8 ஓம் ட்ரைவருக்கு நேர்மின் தடை 5 முதல் 6.5 வரை காட்ட வேண்டும். காந்தத்தின் றப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். போலிகளில் உறை பெரிது, உள்ளே காந்தம் சின்னதாக இருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் கோனை நேராக உள்ளே அழுத்தி, காதை வைத்துக் கேளுங்கள். சுரண்டும் சத்தம் வந்தால் வேண்டாம். தரவுத் தாளில் உள்ள எடையைக் குறித்துக்கொண்டுபோய்த் தராசில் பாருங்கள். கடைக்காரர் சம்மதித்தால் 5ஆம் கேள்வியின் அளவை அங்கேயே எடுக்கலாம். சம்மதிக்காவிட்டால் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கொண்டுவரும்போது ட்ரைவரைக் கோன் நிமிர்ந்தபடி, அதன் சொந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.